முன்கண் பார்க்காத பேக்கரி

சௌரிபாளையம் திருமூர்த்தி பேக்கரியில் என்ன வேண்டுமானாலும் பேசலாம். அரசியல் பேசலாம், அடுத்த வீட்டுச் சண்டையைப் பேசலாம், டீயில் தண்ணீர் தூக்கல் என்று முதலாளியின் முகத்துக்கு நேராகவே சொல்லலாம். முன்கண் சொன்னதை மட்டும் பேசக் கூடாது. யாராவது வாய் தவறி ஆரம்பித்தால், குடித்துக்கொண்டிருக்கிற டீயைக் கையிலிருந்து வாங்கித் தொட்டியில் ஊற்றிவிட்டு, "போயிட்டு வாங்க" என்று இரண்டு கையையும் கூப்பிவிடுவார் திருமூர்த்தி. கோபம் வந்தாலும் மரியாதை குறையாத ஊர் அது.

முன்கண் என்கிற கணிப்பு மெஷின் வந்து சில ஆண்டுகள் ஆகியிருந்தன. போகியன்று காலையில், வருகிற ஆண்டின் ஆட்டங்கள் அத்தனைக்கும் முடிவை அது வெளியிட்டுவிடும். யார் ஜெயிப்பார்கள், எத்தனை ரன்னில், எந்த ஓவரில் யார் அவுட், எந்த அணிக்கு யார் தேர்வாவார்கள், எல்லாம் இருக்கும். முதல் வருஷம் ஊரே சிரித்தது. இரண்டாம் வருஷம் சிரிப்பு கொஞ்சம் இறங்கியது. மூன்றாம் வருஷம் யாரும் சிரிக்கவில்லை. அதுவரை அது ஒரு நோபாலைக்கூடத் தப்பாகச் சொல்லியிருக்கவில்லை.

அதற்குப் பிறகு, தோற்கப்போகிற அணியின் ஆட்டத்துக்கு டிக்கெட் எடுக்க யாருக்கென்ன பைத்தியமா? மைதானத்தில் பாதி எப்போதும் காலியாகக் கிடந்தது. ஜெயிக்கப்போகிறவர்கள் கல்யாண வீட்டுக்கு வருகிற மாதிரி சாவகாசமாக வந்து, கைதட்டிவிட்டு, சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். ஆடுகிறவர்கள் பாடு இதைவிட மோசம். ஒரு வேகப்பந்து வீச்சுக்காரி, வருஷம் முழுக்க இரண்டே விக்கெட் என்று தன் பெயருக்கு நேரே பார்த்தாளாம். மறுநாளிலிருந்து பயிற்சிக்கு ஒப்புக்குப் போய் வந்தாள். சொல்லி வைத்த மாதிரி இரண்டே விக்கெட் எடுத்தாள். முன்கண்ணின் துல்லியத்தைப் பத்திரிகைகள் மெச்சின, அவளைப் பற்றி யாரும் எழுதவில்லை.

கதிர்வேலுக்கு இந்தக் கதை நன்றாகவே புரியும். அவன் திருமூர்த்தியின் மனைவி வடிவுக்கு உடன்பிறந்த தம்பி, கடையில் கூட்டாளி. அடுப்பும் சரக்கும் அவன் பொறுப்பு. கல்லாவும் பேச்சும் மச்சான் பொறுப்பு. கதிர்வேலின் மகன் பிரணவ், மாவட்ட இளைஞர் அணித் தேர்வுக்குப் போக இருந்தவன். நல்ல கை அவனுக்கு. போவதற்கு முந்தின நாள் அப்பனும் மகனும் சேர்ந்து முன்கண்ணைப் பார்த்தார்கள். தேர்வானவர்களில் அவன் பெயர் இல்லை. "இல்லேங்கறப்ப எதுக்குடா கண்ணு வெயில்ல போயி நிக்கறே" என்று சொன்னது கதிர்வேல்தான், அதுவும் ஆறுதல் சொல்வதாக நினைத்துக்கொண்டு. பையன் மட்டையும் பையுமாகப் பரண்மேல் ஏற்றிவிட்டான். போகாததால் தேர்வாகவில்லை. இப்போது ஓசூரில் வேலை, சம்பளத்துக்குக் குறைச்சல் இல்லை. ஆனால் ஊருக்கு வந்தால் கிரிக்கெட் ஓடுகிற அறையில் ஒரு நிமிஷம்கூட உட்கார மாட்டான். கதிர்வேலுக்கு அது நெஞ்சில் முள்ளாகக் கிடந்தது. அதை அவன் யாரிடமும் சொன்னதில்லை.

திருமூர்த்தி வேறு பிறவி. மாநிலப் பெண்கள் லீக்கில் நம் ஊர் அணியான நொய்யல் யானைகளுக்கு அவர் ரசிகர் என்றால் அது குறைத்துச் சொல்வது. லீக் தொடங்கிய நாளிலிருந்து கடைசியிலோ கடைசிக்கு முந்தியோ நின்று பழகிய அணி அது. ஒவ்வொரு வருஷமும் கடைசி ஆட்டம் தோற்றதும் மனுஷன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "அடுத்த வருஷம் பாருங்க" என்பார். கேட்கிறவனுக்குச் சிரிப்பு முட்டும். ஆனால் அவர் முகத்தைப் பார்த்தால் சிரிக்க வாய் வராது, அத்தனை நிஜமாகச் சொல்வார். அன்றைக்கே அடுத்த வருஷத்து வேலை ஆரம்பித்துவிடும். யாரை முதலில் இறக்கலாம், எந்தப் பெண்ணுக்கு முழங்கால் சரியாகிவிடும் என்று பால்காரரிடம் பேசுவார், வரி கேட்டு வந்தவரிடம் பேசுவார், பல் பிடுங்க வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்தபோதுகூட டாக்டரிடம் ஜாடையில் பேசியவர் அவர்.

முன்கண் வந்த வருஷம் அவர் கடை வாசலில் நின்று ஒன்றே ஒன்றுதான் கேட்டார். பார்க்கிறவர்கள் பார்த்துக்கொள்ளுங்கள், என் காதில் மட்டும் போடாதீர்கள் என்றார். அதற்கு இஸ்திரிக் கடை ராஜப்பன், "நானும் பாக்கலீங்கண்ணா" என்றார். ஆட்டோ ஸ்டாண்டுக்காரர்களும் பார்க்கவில்லை என்றார்கள். தையல்கார லூர்துசாமி, வடிவக்கா, எல்லாரும் அப்படியே சொல்லிவிட்டார்கள். ஒரு மனுஷனின் ஆசையைக் காப்பாற்ற ஒரு தெருவே கண்ணை மூடிக்கொண்டது. ஊரில் வேறெங்கும் இப்படி ஒன்று நடந்ததாகத் தெரியவில்லை.

கதிர்வேல் மட்டும் பார்த்தான். ஆட்டம் உள்ள நாளில் எத்தனை தேங்காய் பன் போடுவது என்று தெரியாமல் கடை நடத்த முடியுமா? ஜெயித்தால் தட்டு காலியாகும். தோற்றால் பன் மீந்து, மறுநாள் ரஸ்காகும். ஒவ்வொரு போகிக்கும் சரக்கு அறையைத் தாழிட்டுக்கொண்டு, திருடன் மாதிரி போனைத் திறந்து பார்ப்பான். வெளியே வந்து மச்சானின் முகத்தைப் பார்க்கும்போது கூச்சமாக இருக்கும். ஊரே வாக்குக் காப்பாற்றுகிறது, நான் ஒருத்தன்தான் இப்படி என்று நினைத்துக்கொள்வான்.

ஒரு வருஷம் போகியில் பார்த்தவன் அப்படியே மைதா மூட்டையில் உட்கார்ந்துவிட்டான். நொய்யல் யானைகள் இறுதி ஆட்டத்துக்குப் போகின்றன. முதல் தடவையாக. போய், வைகை அணியிடம் படுகேவலமாகத் தோற்கின்றன. தொண்ணூற்றொரு ரன்னில் அத்தனை பேரும் அவுட். அதில் நிறைமதி முதல் பந்திலேயே பௌல்டு, சுழியம்.

நிறைமதி, தையல்கார லூர்துசாமியின் மகள், அந்தத் தெருப் பெண். யானைகளுக்கு விக்கெட் கீப்பர், நடுவில் வந்து மட்டை பிடிப்பவள். நடக்கப் பழகிய நாளிலிருந்து பேக்கரியில்தான் வளர்ந்தாள். திருமூர்த்தி அவளுக்குப் பெரிய மாமா, கதிர்வேல் வெறும் மாமா. அணியில் மற்ற எல்லாருக்கும் கோச்சே முன்கண்ணைக் காட்டிவிடுவார். இவள் மட்டும் பார்க்க மாட்டேன் என்று நின்றாள். பெரிய மாமாவே பார்க்காதபோது நான் பார்த்தால் அது என்ன நியாயம் என்று கேட்டாளாம். கோச் தலையில் அடித்துக்கொண்டு விட்டுவிட்டார்.

அந்த வருஷம் போல ஒரு வருஷத்தைத் திருமூர்த்தி கண்டதில்லை. யானைகள் ஜெயித்துக்கொண்டே போக, அவர் தரையில் நடக்கவில்லை. தொடங்கிய நாளில் போட்ட பச்சைச் சட்டையைத் துவைக்கவே விடவில்லை. வடிவக்கா அதைக் குச்சியால்தான் எடுத்து வைப்பாள். இரண்டு பேர் நின்று ஆட ஆரம்பித்துவிட்டால் கடைக்குள் யாரும் இடம் மாறக் கூடாது, மாறினால் ஜோடி பிரிந்துவிடும் என்பது அவர் சட்டம். ஒரு தடவை கதிர்வேல் சூடான தட்டோடு அடுப்புக்கும் அலமாரிக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு எட்டு ஓவர் நின்றான். கை வெந்தது. ஆட்டம் ஜெயித்ததும் மச்சான் ஓடிவந்து அந்தக் கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அன்றைக்கு ஜெயிப்பார்கள் என்று கதிர்வேலுக்கு முன்னமே தெரியும். தெரிந்தும் நின்றோமே என்று அவனுக்கே ஆச்சரியம்.

அவினாசி ரோட்டில் முன்கண் அலுவலகத்தில் வேலை பார்க்கிற கீர்த்தனாவும் இந்தக் கடைக்குத்தான் டீக்கு வருவாள். உள்ளே நுழையும்போது அடையாள அட்டையைக் கழற்றிப் பைக்குள் போட்டுவிடுவாள். ஒருநாள் திருமூர்த்தி வங்கிக்குப் போன நேரம் பார்த்து, கதிர்வேல் அவளிடம் மெதுவாகக் கேட்டான்.

"அது தப்பாப் போறதுக்கு வழியே இல்லீங்களா?"

அவள் வாசலை ஒரு தடவை பார்த்துக்கொண்டாள். "நாளைக்கு நடக்கறத அது சொல்லுதுன்னு எல்லாரும் நெனைக்கிறாங்கண்ணா. அப்படியில்ல. அது சொன்னதக் கேட்டதுக்கப்புறம் நாம என்ன பண்ணுவோமோ, அதத்தான் சொல்லுது. நீங்க பாப்பீங்க, பாத்துட்டு மனசு விட்டுருவீங்க, அதனால தோப்பீங்க. அந்த மனசு விடறதும் அதோட கணக்குல இருக்கு."

"பாக்காதவங்க இருந்தா?"

"அவங்களும் கணக்குல இருக்காங்க. பாத்தவங்க மூஞ்சிய வெச்சே அவங்க கண்டுபுடிச்சுருவாங்க. நாம யாருமே அவ்வளவு நல்லா நடிக்கறவங்க இல்லையே. ஒவ்வொருத்தரும் அவங்கவங்க சுபாவப்படிதான் நடந்துக்குவாங்க. அத நம்பித்தான் அந்த மெஷினே ஓடுது."

அன்றைக்கு ஒரு தட்டு ரொட்டி கருகிப்போயிற்று. கதிர்வேல் அதைக் கவனிக்கவே இல்லை. தேர்வு நாளன்று முன்கண் பையனைக் கணிக்கவில்லை, அப்பனைக் கணித்திருக்கிறது என்பது அவனுக்கு அப்போதுதான் உறைத்தது. இவன் எப்படியும் போக வேண்டாம் என்றுதான் சொல்வான், வெயிலையும் பஸ் செலவையும் யோசிக்கிறவன் என்று அதற்குத் தெரிந்திருக்கிறது. பிள்ளையை நான்தான் தடுத்தேன் என்று அழுகை வந்தது. அடுப்புப் புகை என்று அக்காவிடம் சொன்னான்.

இறுதி ஆட்டம் பொங்கலுக்கு முந்தின ஞாயிறு, சென்னையில். தெருவுக்கே பச்சைக் க்ரீம் வைத்து கேக் போட வேண்டும் என்று திருமூர்த்தி அறிவித்துவிட்டார். தோற்றாலுமா என்று கதிர்வேல் கேட்டதற்கு, பைனலுக்கு வந்ததற்கே இனிப்புக் கொடுக்கணும் மாப்ள, தோற்கிற பேச்சு எதற்கு என்றார். சரி என்று தலையாட்டிவிட்டு, கதிர்வேல் அவன் சுபாவப்படியே செய்தான். தோற்ற வாய்க்கு கேக் இறங்குமா? பன் என்றால் மீந்தால் ரஸ்க் போடலாம், க்ரீம் கேக் மீந்தால் சாக்கடைக்குத்தான் போகும். பேருக்கு ஒரு சின்ன கேக்குக்கு ஆகிற க்ரீம் மட்டும் வாங்கி வைத்தான்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் சென்னை ரயிலுக்குப் போகிற வழியில் நிறைமதி கடைக்கு வந்தாள். திருமூர்த்தி அணியின் பெயரில் அர்ச்சனை செய்ய மருதமலைக்குப் போயிருந்தார். அவள் வழக்கம்போல உரிமையோடு அடுப்படிக்குள் வந்து, தண்ணீர் எடுக்கப் பெரிய பிரிட்ஜைத் திறந்தாள். திறந்தவள் மூடாமல் நின்றாள்.

"தெருவுக்கே கேக்குன்னு பெரிய மாமா சொல்லிட்டிருந்தாரு. இந்தக் க்ரீமு ஒரு கொழந்த பர்த்டேக்குத்தான் தெகையும்."

கதிர்வேல் துணியை எடுத்து, துடைத்த அடுப்பு மேடையையே மறுபடி துடைத்தான்.

"நீங்க எதையுமே வீணாக்க மாட்டீங்க மாமா" என்று அவள் மெதுவாகச் சொன்னாள். கேள்வி எதுவும் கேட்கவில்லை. பிரிட்ஜ் கதவைச் சாத்திவிட்டுத் திரும்பினாள். அந்தத் தோள் இரண்டும் இறங்கின விதம் இருக்கிறதே, பரணில் பையை ஏற்றிவிட்டுக் கீழே இறங்கிய பிரணவின் தோள் அப்படித்தான் இறங்கியது. இன்னொரு பிள்ளையையும் நான் இப்படி அனுப்பப் போகிறேனா என்று அவனுக்குப் பதறியது.

அப்புறம் அவன் செய்தது எதுவும் யோசித்துச் செய்ததில்லை. "அட போ அம்மிணி, க்ரீம் வண்டி ரிப்பேரு, நாளைக்கித்தான் வருது" என்றான். அவள் நம்பவில்லை என்று தெரிந்தது. போனை எடுத்து அவள் எதிரிலேயே க்ரீம் ஏஜென்சிக்குப் போட்டான். எண்பது கிலோ கேக்குக்கு வேண்டும் என்றான். அந்தப் பக்கம் இருந்தவர் கதிர்வேலைப் பல வருஷமாக அறிந்தவர், எட்டா என்று கேட்டார். எண்பது என்றான். பச்சை என்றான். நாளைக் காலையில் கட்டாயம் வேண்டும் என்றான். ஏஜென்சிக்காரர் உடம்புக்கு ஏதாவதா என்று விசாரித்தது வெளியே கேட்டது.

நிறைமதி அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். "எண்பதா?"

"பத்தாதுங்கறியா?"

அவள் முகத்தில் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக ஏறியது. பக்கத்துத் தெருவும் வரும், பத்தாது என்றாள். சூடாக ஒரு தேங்காய் பன்னை எடுத்துக் கடித்துக்கொண்டே ஓடிவிட்டாள். கதிர்வேல் மைதா மூட்டையில் உட்கார்ந்தான். எண்பது கிலோவுக்கு ஒரு பொய் சொல்லியாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை முதல் பந்தில் அவள் ஸ்டம்ப் பறக்கும்போது, மாமா தெரிந்தே என்னை ஏமாற்றி அனுப்பினார் என்று அவளுக்குத் தெரிந்துவிடும். அப்புறம் எந்த முகத்தோடு அவள் எதிரில் நிற்பது?

ஞாயிறு மதியம் தெருவே கடைக்குள் டிவி முன்னால் இருந்தது. எண்பது கிலோ கேக், அலமாரி போதாமல் பெஞ்சுகளில் வலை மூடிக் கிடந்தது. அதைப் பார்த்துத் திருமூர்த்தி மைத்துனனைக் கட்டிக்கொண்டு, உனக்கும் நம்பிக்கை வந்துருச்சா மாப்ள என்று கண் கலங்கினார். கதிர்வேல் குனிந்து ஒரு பெஞ்சின் வலையைச் சரிசெய்தான்.

வைகை அணி நூற்றைம்பத்தேழு எடுத்தது, முன்கண் சொன்னபடியே. யானைகள் ஆட வந்தார்கள். விக்கெட்டுகள் சொன்ன ஓவரில், சொன்ன விதத்தில் விழுந்தன. அடுத்து விழப்போகிற ஒவ்வொன்றும் கதிர்வேலுக்கு முன்னாலேயே தெரியும். பந்து வருவதற்குள் கண்ணை மூடிக்கொள்வான். தெரு உச்சுக் கொட்டியது, அடடா என்றது. திருமூர்த்தி மட்டும், "இருக்குது, இன்னும் இருக்குது" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். ஐந்தாவது விக்கெட் விழுந்தபோது பாதி ரன்கூட ஆகவில்லை. நிறைமதி மட்டையைச் சுழற்றிக்கொண்டு உள்ளே வந்தாள்.

கதிர்வேல் உட்கார்ந்தபடியே மேடை விளிம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டான். இந்த ஒரு பந்துக்கு அவனால் கண்ணை மூட முடியவில்லை. சுழல்பந்துக்காரி இரண்டடி எடுத்து வைத்துப் போட்டாள். பந்து உயர்ந்து, சட்டென்று இறங்கி, உள்ளே திரும்பியது. நிறைமதி முன்காலை நீட்டி, மட்டையைக் காலோடு ஒட்டி வைத்துத் தடுத்தாள். பந்து செத்து அவள் காலடியில் கிடந்தது. ரன் இல்லை.

கதிர்வேல் எழுந்து நின்றுவிட்டான். எழுந்ததே அவனுக்குத் தெரியாது. நாற்காலிகள் பின்னால் இழுபடுகிற சத்தம் கேட்டுத் திரும்பினால், இஸ்திரி ராஜப்பன் நிற்கிறார். ஆட்டோக்காரர்கள் அத்தனை பேரும் நிற்கிறார்கள். லூர்துசாமி வாயைப் பொத்திக்கொண்டு நிற்கிறார். சமையலறை வாசலில் வடிவக்கா, மூலையில் கீர்த்தனா. ஒரு ரன்கூட வராத ஒரு பந்துக்குக் கடை முழுக்க எழுந்து நின்றது.

ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அத்தனை பேரும் முன்கண்ணைப் பார்த்திருக்கிறார்கள். வருஷா வருஷம், அவரவர் கதவைத் தாழிட்டுக்கொண்டு, நான் ஒருத்தன்தான் இப்படி என்று வெட்கப்பட்டுக்கொண்டே பார்த்திருக்கிறார்கள். பார்த்துவிட்டு, தோற்கிற ஒவ்வொரு ஆட்டத்துக்கும் இங்கே வந்து உட்கார்ந்து, ஒன்றும் தெரியாதவர்கள் மாதிரி கத்தியிருக்கிறார்கள். இப்போது கூட்டத்தில் எழாமல் உட்கார்ந்திருந்தவர் ஒரே ஒருவர்தான்.

"ஒரு ரன்னும் வல்ல, எதுக்கு அல்லாரும் எந்திரிக்கறீங்க?" என்றார் திருமூர்த்தி, உண்மையான எரிச்சலோடு. "புது ஆளு எறங்கியிருக்குது. ஒக்காருங்க. இனி ஒருத்தரும் அசையப்படாது."

உட்கார்ந்தார்கள். உட்கார்ந்த பிறகுதான் கதிர்வேலுக்குப் பயம் வந்தது. அடுத்த பந்தில் என்ன நடக்கும் என்று அவனுக்குத் தெரியவில்லை. யாருக்குமே தெரியவில்லை. அந்தப் பயத்தை எத்தனை வருஷமாக மறந்திருந்தோம் என்று நினைத்தால் சிரிப்பும் வந்தது. ராஜப்பன் நகத்தைக் கடித்தார். வடிவக்கா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு, என்னாச்சு என்னாச்சு என்று கேட்டுக்கொண்டிருந்தாள். எதிர்முனையில் நின்ற பெண்ணும் அடுத்த ஓவரில் அவுட்டாக வேண்டியவள். இந்த ஒரு பந்தைப் பார்த்த பிறகு அவளுக்கும் கை கால் விடுபட்டுவிட்டது, விளாச ஆரம்பித்தாள். தொண்ணூற்றொன்று வந்தது, போனது. அந்த எண்ணைத் தாண்டியபோது லூர்துசாமி விசும்பியது எல்லாருக்கும் கேட்டது. திருமூர்த்தி, எதுக்கு அழுவறீங்க, புள்ள நல்லாத்தானே ஆடுது என்று அவர் முதுகைத் தட்டிக்கொடுத்தார்.

கடைசிப் பந்துக்கு மூன்று ரன் தேவை. நிறைமதி ஓங்கி அடித்தாள். பந்து எல்லைக்கு முன்னால் தடுக்கப்பட்டது. ஒன்று ஓடி முடித்து, இரண்டாவதுக்குத் திரும்பிப் பாய்ந்து விழுந்தாள். ஒரு சாண் பாக்கி. ரன் அவுட். ஒரே ஒரு ரன்னில் யானைகள் தோற்றார்கள்.

திரையில் அவள் மண்ணில் முகத்தை வைத்துக்கொண்டு கிடந்தாள். அவளைத் தூக்கிவிட யானைகள் ஓடிவந்தார்கள், ஜெயித்த வைகைப் பெண்களும் ஓடிவந்தார்கள். எல்லாரும் சேர்ந்து அவளைக் கட்டிக்கொண்டு சிரிக்கிறார்கள், அழுகிறார்கள், அவளுக்கோ ஒன்றும் விளங்கவில்லை. கடைக்குள்ளும் அதே கூத்து. ஆட்டோக்காரர்கள் ஒருவர் மேல் ஒருவர் விழுந்து கத்தினார்கள். தெருமுனையில் யாரோ பட்டாசு கொளுத்தினார்கள்.

திருமூர்த்தி இதையெல்லாம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தோள் துண்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். உதறவில்லை. மெல்ல மெல்லச் சத்தம் அடங்கியது.

"எத்தனையோ தோத்திருக்கறோம் மாப்ள" என்றார். "இப்பிடி வலிச்சதில்ல. ஒரு ரன்னு. என்னால இனி முடியாது. வர்ற போகிக்கு நானும் பாத்துடறேன். தெரிஞ்சே தோத்துக்கலாம், நெஞ்சு இந்த அடி அடிக்காது."

அந்த மனுஷன் வாயிலிருந்து இப்படி ஒரு பேச்சு வரும் என்று யாரும் கனவிலும் நினைத்ததில்லை. கதிர்வேல் போய் அவர் காலருகே தரையில் உட்கார்ந்தான். எல்லாவற்றையும் சொன்னான். தான் வருஷா வருஷம் பார்ப்பதை, தொண்ணூற்றொன்று என்று இருந்ததை, நிறைமதி முதல் பந்திலேயே அவுட் என்று இருந்ததை. மச்சான் நிமிர்ந்து மற்றவர்களைப் பார்த்தார். தலைகள் ஒவ்வொன்றாகக் குனிந்தன. கீர்த்தனாவின் போன் ஓயாமல் அடித்துக்கொண்டிருந்தது; ஆபீஸே தலைகீழாக நிற்கிறது என்றாள். அந்தப் பந்திலிருந்து எதுவுமே பொருந்தவில்லையாம். யாரோ ஒருத்தர் எங்கேயோ தன் சுபாவத்துக்கு விரோதமாக எதையோ செய்திருக்கிறார், அது யார் என்று தேடுகிறார்களாம்.

"அடுத்த வருஷத்துக்கு அதுகிட்ட ஒண்ணும் இல்லண்ணா. இந்த வருஷம் எப்படி முடியும்னு நம்பி அத வெச்சுதான் அடுத்தத போட்டிருந்தாங்க. போகிக்கு எதுவும் வராது."

கதிர்வேலின் கண் பெஞ்சுகளில் கிடந்த பச்சைக் கேக்குகள் மேல் போயிற்று.

திருமூர்த்தி ராஜப்பனைப் பார்த்துக் கேட்டார். "இத்தன வருசமும் தோப்போம்னு தெரிஞ்சேவா இங்க வந்து ஒக்காந்து கத்துனீங்க?"

"ஆமாங்கண்ணா" என்றார் ராஜப்பன், குற்றம் ஒப்புக்கொள்கிறவர் மாதிரி.

"தெரியாம நம்பறது எனக்குச் சுலுவு" என்றார் திருமூர்த்தி. "தெரிஞ்சும் வந்தீங்களே சாமி. நானா ரசிகன்? நீங்கதான்." எழுந்து ராஜப்பனின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். இஸ்திரி போட்டுக் காய்த்துப்போன அந்தக் கைகளை விடவே இல்லை.

கதிர்வேல் தரையிலிருந்து எழுந்தான். இத்தனை வருஷத்தில் அவன் மச்சானிடம் ஒருநாளும் கேட்டிராத ஒன்றைக் கேட்டான்.

"ஏனுங் மச்சான், அடுத்த வருஷம் மொதல்ல யார எறக்கலாமுங்க?"

திருமூர்த்தி திரும்பி அவன் முகத்தை உற்றுப் பார்த்தார். சமாதானம் சொல்கிறானா, கேலி பண்ணுகிறானா என்று தேடினார். அவன் நிஜமாகவே பதில் தெரியாமல் கேட்கிறான் என்பது அவருக்கு விளங்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

"அல்லாருக்கும் டீ போடு மாப்ள" என்றார். "பேசறதுக்கு நெறைய இருக்குது."

தெரு மொத்தமும் நாற்காலியை இழுத்துக்கொண்டு கிட்டே வந்தது.